பெட்டி பெட்டியாக அடுக்கும் கட்டடம்: மிச்சமாவது சிமெண்டா, நேரமா?

யார்டு முத்து (துவாஸ், சிங்கப்பூர்)

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கே ஒரு பிபிவிசி யார்டில் எம் அண்ட் இ (மின்சாரம், குழாய் வேலை) சூப்பர்வைசர். பிபிவிசி என்ற பேரைக் கேள்விப்படாதவர்களுக்கு ஒரு வரி: வீட்டின் ஒவ்வொரு அறையையும் தொழிற்சாலையிலேயே முழுப் பெட்டியாக வார்த்து, டைல்ஸ், பைப், ஒயரிங், ஜன்னல், பெயிண்ட் எல்லாம் முடித்து, லாரியில் ஏற்றி, சைட்டில் டவர் கிரேனால் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவது. 2014 நவம்பரிலிருந்து சிங்கப்பூர் அரசு விற்கும் குறிப்பிட்ட நிலங்களில் இப்படித்தான் கட்ட வேண்டும் என்று விதியே உண்டு. கிளமெண்டியில் 2019-இல் முடிந்த கிளமெண்ட் கேனோப்பியைப் பார்த்திருப்பீர்கள். 40 மாடி, இரண்டு டவர், 505 வீடு, மொத்தம் 1,866 பெட்டி.

எங்கள் யார்டுக்கு விருந்தினர் வந்தால் ஸ்லைடு ஓடும். கழிவு குறைவு, கார்பன் குறைவு, சத்தம் குறைவு, ஆகவே பசுமை. ஆனால் இந்த முறையை அரசு பிடித்துக்கொண்டதற்கு முதல் காரணம் ஆள் பற்றாக்குறைதானே? சிங்கப்பூர் அரசின் கட்டுமான ஆணையமான பிசிஏ முன்னால் வைப்பதும் ஆளும் நேரமும் 40 சதவீதம் வரை மிச்சம் என்பதைத்தான். சுற்றுச்சூழல் நன்மை பின்னால் ஒட்டிய ஸ்டிக்கரா, நிஜச் சரக்கா?

கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறேன். ஒரே அளவு பாத்ரூம் நூற்றுக்கணக்கில் வருவதால் டைல்ஸ் வெட்டும்போது எந்தத் துண்டு மிஞ்சும் என்று முன்கூட்டியே தெரியும். அதை ரேக்கில் அடுக்கி வைத்து அடுத்த பெட்டியின் ஸ்கர்ட்டிங்குக்கு எடுக்கிறோம். கம்பித் துண்டு தனித் தொட்டி, கேபிள் துண்டு தனித் தொட்டி. மழை வந்தாலும் சிமெண்ட் மூட்டை நனையாது. இது நிஜம். இதற்கு மேல் கணக்குத் தெரிந்தவர்கள் பேசுங்கள்.

---

கும்பகோணம் மேஸ்திரி

தம்பி, நம்ம ஊரு சைட்டுல நடக்குறத நான் சொல்றேன், ஒப்பிட்டுப் பாத்துக்குங்க.

செவுரு கட்டி, பூசி, அது காயறதுக்குள்ள எலக்ட்ரீசியன் வந்து ஒயர் போக செவுத்துல காடி வெட்டுவாரு. வெட்டுன தூளு மூட்ட கணக்குல போவும். அது முடிஞ்சா பிளம்பர் வந்து பாத்ரூம் செவுத்த ஒடப்பாரு. அப்பறம் வீட்டுக்காரம்மா வந்து "சுவிட்சு இந்தப் பக்கம் வேணாம், கட்டிலுக்கு அந்தப் பக்கம் வைங்க"ம்பாங்க. மறுபடி காடி, மறுபடி பூச்சு. பூசுறப்ப கீழ விழுற கலவைய உடனே எடுத்தா உண்டு, சித்தாளு வேற வேலையா போயிட்டா அது அங்கயே எறுகிடும். கொத்தி எடுத்துக் குப்பையிலதான் கொட்டணும். சென்ட்ரிங் பலவ நாலு தளத்துக்கு வந்தா பெரிய விஷயம், பொறவு அடுப்புக்குப் போவும். தண்ணி கேக்கவே வேணாம். தளத்துல பாத்தி கட்டித் தேக்குவோம், செவுத்துக்கு டியூப்பு வச்சுப் பீச்சுவோம், பாதி தெருவுல ஓடும்.

முன்னாடியே எல்லாத்தையும் முடிவு பண்ணிட்டுப் பெட்டியா வாத்தா இதுல முக்காவாசி இருக்காதுல்ல? வீட்டுக்காரர மனசு மாத்த விடாம பண்றதே பெரிய மிச்சந்தான்.

---

க்யூஎஸ் செந்தில் (அளவுக் கணக்காளர், ஜூரோங்)

மேஸ்திரி அண்ணன் சொன்ன கடைசி வரிதான் மொத்த விஷயமும். தொழிற்சாலையில் வார்ப்பதைவிட, வரைபடத்தைப் பூட்டிய பிறகு வார்ப்பதில்தான் கழிவு குறைகிறது. பிரிட்டனில் ராப் என்கிற அமைப்பு, முழுப்பெட்டி முறையில் கட்டுமானக் கழிவு 90 சதவீதம் வரை குறையலாம் என்று சொன்னது. அந்த எண்ணை எல்லா நிறுவனமும் பிரசுரத்தில் போட்டுக்கொள்கிறது. "வரை" என்ற சொல்லை மட்டும் சின்ன எழுத்தில் போடுவார்கள்.

ஆனால் முத்து, சிங்கப்பூருக்கு இந்த வாதம் அவ்வளவு எடுபடாது. இங்கே கட்டடக் கழிவில் ஏறத்தாழ 99 சதவீதம் ஏற்கெனவே மறுசுழற்சிக்குப் போகிறது. கான்கிரீட்டை உடைத்து ஜல்லியாக்கி ரோட்டு அடித்தளத்துக்குப் போடுகிறோம், கம்பி உருக்காலைக்குப் போகிறது. செமக்காவு தீவில் இருக்கிற ஒரே குப்பைமேடு 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பதால் வேறு வழியும் கிடையாது. கழிவே உண்டாகாமல் இருப்பது மறுசுழற்சியைவிட நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் "குப்பைமேட்டைக் காப்பாற்றினோம்" என்று ஸ்லைடு போட்டால் அது வேறு நாட்டு ஸ்லைடு.

இனி கார்பன். உலகின் கார்பன் டை ஆக்சைடில் 8 சதவீதம் அளவு சிமெண்டிலிருந்து வருகிறது. அதிலும் ஏறக்குறைய 60 சதவீதம் சூளைக்கு எரிக்கும் நிலக்கரியால் வருவதில்லை, சுண்ணாம்புக்கல் சுண்ணாம்பாகும்போது கல்லே விடுகிற வாயு. நீங்கள் அந்தச் சிமெண்டைச் சைட்டில் ஊற்றினாலும் மலேசியாவின் ஜோகூர் செனாயில் இருக்கிற பெட்டி வார்க்கும் யார்டில் ஊற்றினாலும் வேதியியல் மாறாது. பெட்டி முறை கார்பனைக் குறைக்க வேண்டுமென்றால் கான்கிரீட்டின் அளவு குறைய வேண்டும், அல்லது கலவை மாற வேண்டும். இரண்டும் நடக்கிறதா என்பதுதான் கேள்வி.

---

சந்தேக சாமி

செந்தில் சாருக்கு ஒரு சலாம். நான் அடுத்த அடி போடுகிறேன்.

சாதாரணக் கட்டடத்தில் இரண்டு அறைக்கு நடுவே ஒரு சுவர். பெட்டி முறையில் இந்தப் பெட்டிக்கு ஒரு சுவர், பக்கத்துப் பெட்டிக்கு ஒரு சுவர், நடுவில் இடைவெளியை நிரப்பும் சிமெண்ட் கலவையான கிரவுட். சில வடிவமைப்பில் மேலே ஒரு தளம், அதற்கு அடியில் கீழ்ப் பெட்டியின் கூரை வேறு. தூக்கும்போது முறுக்கிக்கொள்ளாமல் இருக்க, தனியாகக் கம்பியும் கொக்கியும். இதெல்லாம் கட்டடம் நிற்பதற்கு வேண்டியதே இல்லை, பயணத்துக்கு வேண்டியது. அடுத்து செனாயிலிருந்து லாரி. ஒரு பெட்டி 26 முதல் 31 டன் எடை. டீசல் புகை யார் கணக்கில்?

---

க்யூஎஸ் செந்தில்

> டீசல் புகை யார் கணக்கில்?

லாரியைப் போட்டு அடிக்காதீர்கள், அது சின்ன மீன். தோராயமாக ஒரு கணக்கு. பெட்டி 28 டன், பயணம் 70 கிலோமீட்டர், கனரக லாரி டன்னுக்குக் கிலோமீட்டருக்கு 100 கிராம் கார்பன் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 200 கிலோவுக்குப் பக்கத்தில் வரும். காலியாகத் திரும்புவதையும் சேர்த்தால் 300. இப்போது பெட்டிக்குள் இருப்பது. 25 டன் கான்கிரீட், டன்னுக்கு 130 கிலோ என்றாலே 3,250 கிலோ. கம்பியைச் சேர்த்தால் 5 டன்னைத் தொடும். லாரி அதில் ஆறு சதவீதம்தான். அதோடு, பெட்டி வராவிட்டால் அந்த இடத்துக்கு ரெடிமிக்ஸ் லாரி, டைல்ஸ் லாரி, செங்கல் லாரி, ரப்பிஷ் லாரி என்று தனித்தனியாக வந்திருக்குமே.

இரட்டைச் சுவர் உண்மையான அடி. அதை லேசாக விட முடியாது. கிளமெண்ட் கேனோப்பி மாதிரி உயரக் கட்டடங்களில் இரண்டு மெல்லிய சுவரையும் நடுக் கிரவுட்டையும் சேர்த்து ஒரே சுவராக வேலை செய்ய வைக்கிறார்கள், அதனால் இழப்பு கொஞ்சம் குறையும். ஆனாலும் பூஜ்யமாகாது.

---

யார்டு முத்து

சாமி சொல்லாத ஒன்றையும் நானே போட்டு உடைக்கிறேன், யார்டுக்காரன் சொன்னால்தான் நம்புவீர்கள்.

நேற்றுச் சாயங்காலம் ஊற்றிய பெட்டியை இன்று காலை அச்சிலிருந்து கழற்றியாக வேண்டும். அச்சு காலியானால்தான் அடுத்தது. அதற்குக் கான்கிரீட் ஓர் இரவில் 15 மெகாபாஸ்கல் வலிமையாவது எட்ட வேண்டும். இரும்பு உலைக்கசடும் அனல்மின் நிலையச் சாம்பலும் கலந்த பசுமைச் சிமெண்ட் மெதுவாகத்தான் இறுகும், அடுத்த நாள் காலையில் இன்னும் பச்சையாக இருக்கும். ஆகவே பல யார்டுகள் சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டையே கூட்டிப் போடுவார்கள், சில இடத்தில் தார்ப்பாய் போட்டு மூடி இட்லி மாதிரி ஆவியிலும் வேகவைப்பார்கள். ஆவிக்கு டீசல் கொதிகலன். சைட்டில் ஊற்றும் தளத்துக்கு இந்த அவசரம் இல்லை, அங்கே கசடுச் சிமெண்ட் தாராளமாகப் போடலாம்.

அதாவது வேகமும் கார்பனும் ஒரே அச்சுக்குள் சண்டை போடுகின்றன. இதை எந்த ஸ்லைடிலும் பார்த்ததில்லை.

---

கிளமெண்டி வாசி

நீங்கள் எல்லாரும் டன் கணக்குப் பேசுகிறீர்கள். நான் எதிர் பிளாக்கில் குடியிருந்தவள் என்ற முறையில் பேசுகிறேன். எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் பழைய முறையில் கட்டினார்கள், சில வருஷம் கழித்து இன்னொரு பக்கம் பெட்டி அடுக்கினார்கள். முதல் சைட்டில் சுவரை உடைக்கும் ஹேக்கிங் சத்தம், கான்கிரீட் பம்ப், இரும்புப் பைப்பை மேலிருந்து போடுகிற சத்தம். கைக்குழந்தை பகலில் தூங்கியதே இல்லை. ஜன்னல் திறந்தால் மேசை மேல் வெள்ளையாகத் தூசி. இரண்டாவது சைட்டில் அடித்தளத்துக்குப் பைலிங் அடிக்கும்போது அதே தலைவலிதான், அதற்குப் பெட்டியெல்லாம் உதவாது. ஆனால் மேலே ஏற ஆரம்பித்த பிறகு கிரேன் திரும்புகிற சத்தமும் விசிலும்தான். காலையில் பார்த்தால் ஜன்னல் போட்ட, திரைச்சீலை மாட்ட வேண்டியதுதான் பாக்கி என்கிற மாதிரி ஒரு அறை ஆகாயத்தில் தொங்கும். பேரன் அதைப் பார்த்தே சோறு சாப்பிட்டான்.

காற்றும் சத்தமும் சுற்றுச்சூழல் இல்லையா? கார்பன் மட்டும்தானா?

---

நெறியாளர்

டார்மிட்டரி வாடகை, சம்பளப் பிடித்தம் பற்றிய பதிவுகளை வேலைவாய்ப்புப் பகுதிக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே தொடருங்கள். இங்கே கட்டடம் மட்டும்.

---

கவிதா ஆர்க்கிடெக்ட் (சென்னை)

வாசி அம்மா கேட்டது நியாயமான கேள்வி. நான் சென்னைப் பக்கத்தைச் சேர்க்கிறேன், ஏனென்றால் செந்தில் சொன்ன 99 சதவீதக் கதை இங்கே செல்லாது.

இங்கே இடிபாடும் ரப்பிஷும் இரவோடு இரவாக ஏரிக்கரையில், சதுப்பு ஓரத்தில், காலி மனையில் கொட்டப்படுகிறது. 2016-இலேயே கட்டடக் கழிவுக்குத் தனி விதி வந்தது. பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கழிவை உடைத்து மணலும் ஜல்லியுமாக்கும் ஆலைகளும் இருக்கின்றன. ஆனால் லாரிக்காரருக்கு ஆலை தூரம், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் கிட்டே. ஆகவே கழிவு உண்டாகாமலே இருப்பதன் மதிப்பு சிங்கப்பூரைவிட நமக்குப் பல மடங்கு. மணலுக்கும் அதே கதை. ஆற்று மணல் போய் எம்-சாண்ட் வந்தது, எம்-சாண்டுக்கு மலை போகிறது.

பெரும்பாக்கத்தில் மத்திய அரசின் லைட் ஹவுஸ் திட்டம் என்று 1,152 வீடுகள், தரைத்தளத்தோடு ஐந்து மாடி, 2022 மே மாதம் திறந்தார்கள். அதைப் பெட்டி வீடு என்று பலர் எழுதுகிறார்கள். அது பெட்டி அல்ல. தூண், உத்திரம், தளம், சுவர் எல்லாம் தனித்தனியாக வார்த்து சைட்டில் பூட்டிய பிரீகாஸ்ட். அதே திட்ட வரிசையில் ராஞ்சியில் கட்டியதுதான் முப்பரிமாணப் பெட்டி முறை. என் கட்சி என்னவென்றால், இந்தியாவுக்குத் தட்டையான பலகை முறைதான் சரி. சாமி சொன்ன இரட்டைச் சுவர் இதில் கிடையாது. லாரியில் காற்றை ஏற்றிக்கொண்டு போவதும் கிடையாது, பலகைகளை நெருக்கமாக நிறுத்திக் கொண்டுபோகலாம். இரும்பு அச்சு என்பதால் பிளைவுட் மிச்சம். கழிவு விஷயத்தில் கிடைக்கிற நன்மையில் பெரும்பங்கு இதிலேயே கிடைத்துவிடும். பாத்ரூமை மட்டும் வேண்டுமானால் பெட்டியாகச் செய்யுங்கள், கசிவும் காடி வெட்டுவதும் அங்கேதான் அதிகம்.

---

குரோய்டன் கார்த்தி (லண்டன்)

கான்கிரீட் பெட்டியை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்கிறீர்கள். எங்கள் ஊரில் 101 ஜார்ஜ் ஸ்ட்ரீட் என்று 44 மாடியும் 38 மாடியுமாக இரட்டைக் கட்டடம், 546 வீடு, 2020-இல் முடிந்தது. பெட்டிகள் இரும்புச் சட்டத்தில் மெல்லிய கான்கிரீட் தரையோடு வந்தவை, நடு லிஃப்ட் தண்டு மட்டும் சைட்டில் ஊற்றியது. இதையும் கிழக்கு லண்டனில் இன்னொரு கட்டடத்தையும் கேம்பிரிட்ஜ், எடின்பரோ நேப்பியர் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்து 2022-இல் அறிக்கை கொடுத்தார்கள். வழக்கமான முறையோடு ஒப்பிட்டால் கட்டுமானக் கார்பன் 41 முதல் 45 சதவீதம் குறைவு. காரணம் எடை. மேலே எடை குறைந்தால் தூண் சிறுக்கும், அடித்தளம் சிறுக்கும், பைல் குறையும், அத்தனையிலும் கான்கிரீட் மிச்சம்.

---

சந்தேக சாமி

கார்த்தி, எதோடு ஒப்பிட்டார்கள் என்பதில்தான் சூட்சுமம். சிக்கனமாக வடிவமைத்த சைட் கான்கிரீட்டோடு ஒப்பிட்டால் ஒரு எண், தாராளமாக ஊற்றியதோடு ஒப்பிட்டால் வேறு எண். கணக்குக்கான தகவல் கட்டினவர்களிடமிருந்தே வந்தது என்பதும் உண்டு. அறிக்கை பொய் என்று சொல்லவில்லை. இரண்டு கட்டடத்தின் எண்ணை எடுத்து உலகத்துக்கே பொருத்தாதீர்கள் என்கிறேன்.

உங்கள் நாட்டிலேயே 2023-இல் தொழிற்சாலையில் வீடு செய்துவந்த இல்கி ஹோம்ஸ் திவாலானது, காப்பீட்டு நிறுவனமான லீகல் அண்ட் ஜெனரல் தன் வீட்டுத் தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தியது. அமெரிக்காவில் இதே தொழிலில் இருந்த கட்டேரா 2021-இலேயே மூடியாகிவிட்டது. அச்சு, கிரேன், ஷெட் எல்லாம் கார்பன் செலவழித்துச் செய்தவைதானே. அதைப் பத்தாயிரம் பெட்டிக்குப் பங்கு போட்டால் ஒன்றுமில்லை. ஆர்டர் நின்றுபோனால் பங்கு போட ஆளில்லை.

---

டோக்கியோ பாலா

இழையில் யாரும் தொடாத ஒன்று: பிரித்து மறுபடி பயன்படுத்துவது. மாட்யூலர், அதாவது பெட்டி முறை என்றாலே பிரசுரத்தில் இந்த வாக்கியம் கட்டாயம் வரும், "ஆயுள் முடிந்ததும் கழற்றி வேறிடத்தில் பொருத்தலாம்".

டோக்கியோ கின்சா பக்கம் நகாகின் கேப்சூல் டவர் இருந்தது. கிஷோ குரோகாவா வடிவமைத்து 1972-இல் கட்டியது. இரண்டு கான்கிரீட் தண்டு, அதைச் சுற்றி 140 கேப்சூல், அதாவது குட்டி அறைப் பெட்டிகள். ஒவ்வொன்றையும் நாலு பெரிய போல்ட்டில் தண்டோடு பூட்டியிருந்தார்கள். சுமார் 25 வருஷத்துக்கு ஒருமுறை பழைய கேப்சூலைக் கழற்றிப் புதியதை மாட்டுவது என்பதுதான் திட்டமே. அரை நூற்றாண்டில் ஒன்றைக்கூட மாற்றவில்லை. கேப்சூலுக்கும் கேப்சூலுக்கும் நடுவே கை நுழையாத இடைவெளி, கீழே இருப்பதை எடுக்க வேண்டுமென்றால் மேலே இருப்பதை எடுத்தாக வேண்டும். வீடுகளுக்கு உரிமையாளர்கள் தனித்தனி ஆட்கள், எல்லாரும் ஒரே நாளில் செலவுக்குச் சம்மதிக்க வேண்டும். உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் வேறு. 2022 ஏப்ரலில் பிரிக்க ஆரம்பித்தார்கள், 23 கேப்சூல்களைக் காப்பாற்றினார்கள். சில அருங்காட்சியகங்களுக்குப் போயின. வீடாகப் போனது என்று சொல்ல முடியாது.

நான் அந்தக் கட்டடத்தின் ரசிகன்தான், தப்பாக நினைக்க வேண்டாம். போல்ட் இருப்பது மட்டும் போதாது என்பதற்காகச் சொல்கிறேன். முத்து அண்ணே, உங்கள் பெட்டிகளைக் கழற்ற முடியுமா?

---

யார்டு முத்து

முடியாது பாலா. கான்கிரீட் பெட்டிகளுக்கு நடுவே கிரவுட் ஊற்றி, கம்பியால் பிணைத்துவிடுகிறோம். இறுகினால் ஒரே பாறை. 40 மாடி காற்றைத் தாங்க வேண்டுமே. இடிக்கும்போது சாதாரணக் கட்டடம் மாதிரி உடைத்துத்தான் ஆக வேண்டும். போல்ட் போட்ட இரும்புப் பெட்டி என்றால் கழற்ற வாய்ப்பு உண்டு. சாங்கி விமான நிலையத்தில் கிரவுன் பிளாசா ஹோட்டலின் 243 அறை நீட்டிப்பை 2016-இல் இரும்புப் பெட்டியில்தான் கட்டினார்கள். உயரம் குறைவான, தற்காலிகமான விஷயங்களுக்கு, அதாவது சைட் ஆபீஸ், டார்மிட்டரி, வகுப்பறை ஆகியவற்றுக்கு, மறுபயன்பாடு நிஜமாகவே நடக்கிறது. கான்டோ என்கிற உயர அடுக்குமாடி வீடுகளுக்கு இல்லை.

இதுவரை பேசியதில் என் பங்குக்கு ஒன்று செய்யப்போகிறேன். அடுத்த வாரம் டெக்னிக்கல் மீட்டிங்கில் இரண்டு கேள்வி: உள்தடுப்புச் சுவர் அச்சுகளுக்கு மட்டும் சனிக்கிழமை ஊற்றலில் கசடுச் சிமெண்ட் போடலாமா? ஞாயிறு முழுக்க இறுகக் கிடக்கிறது, யாரும் கழற்றப்போவதில்லை. இன்னொன்று, இப்போதைய அச்சு அடுத்த புராஜெக்டுக்கும் ஆகும்படி அறை அகலத்தை ஆர்க்கிடெக்ட் முன்கூட்டியே ஒத்துக்கொள்வாரா?

---

க்யூஎஸ் செந்தில்

சனிக்கிழமை யோசனை பிரமாதம். கலவை ரிப்போர்ட்டில் ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ போர்ட்லண்ட் சிமெண்ட் என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள். "மொத்த பைண்டர்" என்று கொடுத்தால் கசடையும் சேர்த்துச் சொல்வார்கள், ஒன்றும் விளங்காது.

---

கும்பகோணம் மேஸ்திரி

எல்லாம் பெரிய பெரிய கட்டடமா பேசுறீங்க. எனக்கு இப்ப ஒரு வேலை வந்துருக்கு, 1,200 சதுர அடி, தனி வீடு. பையன் துபாயில இருக்காப்ல, "மாடுலர்ல கட்டுங்க, அதான் பசுமை"ங்கறாரு. என்ன சொல்றது?

---

கவிதா ஆர்க்கிடெக்ட்

அண்ணே, ஒரே ஒரு வீட்டுக்கு அச்சு செய்து பெட்டி வார்த்தால் அச்சுக்கே ஏகப்பட்ட இரும்பு போய்விடும். உங்கள் தெருவில் முப்பது டன் கிரேன் திரும்பவும் திரும்பாது. பையனிடம் இப்படிச் சொல்லுங்கள்: ஒயரிங், பிளம்பிங் வரைபடத்தைக் கல் எடுப்பதற்கு முன்னாலேயே முடிவு செய்து கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லுங்கள், பிறகு மாற்றக் கூடாது. காடி வேலை அப்படியே போய்விடும். காம்பவுண்டுக்கு ரெடிமேட் சுவர், அது நம் ஊரில் எங்கும் கிடைக்கிறது. லாஃப்ட், சன்ஷேடு, ஜன்னல் மேல் லிண்டல் எல்லாம் தரையிலேயே வார்த்து ஏற்றுங்கள். மேல் தளத்துக்குக் கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய ஃபில்லர் ஸ்லாப் முறை, நடுவில் பழைய ஓடு வைத்து ஊற்றினால் கான்கிரீட் கணிசமாகக் குறையும். சுவருக்கு ஃபிளை ஆஷ் கல். நீராற்ற ஈரச் சாக்கு சுற்றுங்கள், பீச்ச வேண்டாம்.

ஃபில்லர் ஸ்லாப் இதுவரை போட்டதில்லை என்றால் சொல்லுங்கள், கம்பி இடைவெளிக்கு ஒரு ஸ்கெட்ச் போட்டு அனுப்புகிறேன். ஓடு எந்த அளவு கிடைக்கிறது என்று மட்டும் முதலில் அளந்து சொல்லுங்கள்.

---

கும்பகோணம் மேஸ்திரி

பழைய மங்களூர் ஓடு நம்ம பக்கம் இடிச்ச வீட்டுல நெறய கெடக்கும்மா. நாளைக்கு அளந்து போடுறேன். கையெழுத்து சமாச்சாரத்தத்தான் துபாய்த் தம்பி ஒத்துக்குவாரான்னு பாக்கணும்.